பன்றிக்கும் ஸ்கேன் வேண்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. வெல்டிங் உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி. அறுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். ஆனால் உருப்படி பழைய இரும்புக்குப் போய்விடும். இல்லாவிட்டால் எண்ணெய் தடவி, அல்ட்ராசோனிக் கருவியை மேலே வைத்து, திரும்பி வரும் ஒலியைப் படிக்கலாம்.

உயிருள்ள பன்றிக்கும் இதே சோதனை உண்டு என்று நடைப்பயிற்சியில் சொன்னேன். "பன்றிக்கு ஸ்கேனா சார்?" என்று நண்பர் சிரித்தார். சிரிக்க ஒன்றுமில்லை.

பன்றியின் தோலுக்கடியில் பாளமாக இருக்கும் கொழுப்பு வேறு, தசைக்குள் மெல்லிய இழைகளாக ஓடும் கொழுப்பு வேறு. முன்னதை வெட்டி ஒதுக்கிவிடலாம். கறி சக்கையாகிவிடாமல் காப்பது பின்னது. 100 கிராமில் பெரும்பாலும் 2, 3 கிராம்தான் இருக்கும்.

முதுகுக் கொழுப்பை அளப்பது எளிது. 1952இலேயே அமெரிக்காவின் அயோவாவில் ஹேசல், க்ளைன் என்ற இருவர், பன்றியின் முதுகில் சிறு கீறல் போட்டு உலோக அளவுகோலை இறக்கி அளந்தார்கள். தசைக்குள் ஓடும் இழைக்கு அளவுகோல் உதவாது. கடைசி விலா எலும்புக்கு நேரே, முதுகுத் தசைமேல் ஸ்கேன் கருவியை வைக்கிறார்கள். கொழுப்பு இழைகள் ஒலியைச் சிதறடிப்பதால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைக் கணினி விழுக்காடாக மாற்றும். பன்றி சொன்னபடி நிற்குமா? அதனால் பல படங்கள் எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள்.

வெட்டிய பிறகு "நல்ல கறி" என்று தெரிந்து என்ன பயன்? அந்தப் பன்றி இனிக் குட்டி ஈனாது. மேலைநாடுகளில் கொழுப்பு குறைந்த பன்றிகளையே பல்லாண்டு தேர்ந்தெடுத்து வளர்த்ததில், தசைக்குள் இருந்த கொழுப்பும் குறைந்து கறி வறண்டது. அதன் பிறகுதான் இந்த அளவீட்டின் அருமை புரிந்தது.

நம் பக்கமும் ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. காட்டுப்பாக்கத்தில், அதாவது நம் பூந்தமல்லி காட்டுப்பாக்கம் அல்ல, காட்டாங்கொளத்தூர் பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில், கால்நடைப் பல்கலைக்கழகம் யார்க்‌ஷயர் முக்கால் பங்கும் நாட்டுப் பன்றி கால் பங்குமாக 'கேபிஎம் கோல்டு' என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறது. ஆனால் சந்தையில் பேசுவது உயிர் எடைதான். பார்த்துப் பார்த்து வளர்த்தவருக்கும் வெறுமனே கொழுக்க வைத்தவருக்கும் கிலோவுக்கு ஒரே விலை.

மாட்டுக்குச் சினை ஊசி வாசலுக்கே வருகிறது. அதுபோல இந்த ஸ்கேனும் பன்றிப் பண்ணைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. எந்தப் பன்றியை இனவிருத்திக்கு வைப்பது என்று வளர்ப்பவர் தெரிந்து முடிவெடுக்கட்டும். விலையும் தரத்தைப் பார்த்து அமையட்டும்.

ஊரே முகம் சுளிக்கும் தொழில் அது. தன் உழைப்பின் தரத்தைக் காட்ட அவர் கையில் ஒரு சீட்டாவது இருக்க வேண்டாமா? நாங்கள் இரும்புத் துண்டுக்கே கொடுத்தோமே!