குனிய முடியாத உடம்புக்கு எந்த ஆசனம்?

முழங்காலை மடக்காமல் குனிந்து, தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்க வேண்டும். மோவாய் நெஞ்சைத் தொட வேண்டும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கிப் பிடரியைத் தொட வேண்டும். யோகா வகுப்பின் முதல் நாள் பாடம்போலத் தோன்றும் இவை, புளோரோசிஸ் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில் களப்பணியாளர்கள் செய்துபார்க்கும் சோதனைகள். குடிநீரில் கலந்த புளோரைடு எலும்புவரை போய்விட்டதா என்று சந்தேகிக்க, கருவி எதுவும் இல்லாத கிராமத்தில் இதைவிட எளிய வழி கிடையாது.

நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த தருமபுரி மாவட்டத்தில் யோகா நூல்களைப் பற்றி எழுதுவதானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பாதஹஸ்தாசனம் என்ற பக்கத்தைப் புரட்டினால் அநேகமாக எல்லா நூல்களும் ஒன்றையே சொல்கின்றன: முதலில் கை தரையைத் தொடாது, கவலை வேண்டாம், போகப் போகத் தொடும். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சென்னைக்காரருக்கு இது நல்ல அறிவுரை. காரிமங்கலம் பக்கமோ பென்னாகரம் பக்கமோ பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஐம்பது வயதுக்காரருக்கு இது பொருந்தாமல் போகலாம். அவருடைய தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் எந்தப் பயிற்சியும் அதை இளக்காது. நோய் தொடங்கும்போது சாதாரண மூட்டுவலியைப் போலத்தான் இருக்கும். ‘இன்னும் கொஞ்சம் முயலுங்கள்’ என்று புத்தகம் சொல்வதைக் கேட்டு அவர் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டால், இழப்பு அவருக்குத்தான்.

அதைவிடக் கவலை தருவது ‘நீர் சிகிச்சை’ அத்தியாயம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லும் நூல்கள் தமிழில் ஏராளம். எந்தத் தண்ணீர் என்று ஒன்றாவது கேட்கிறதா? லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் புளோரைடு என்பதே குடிநீருக்கான உச்ச வரம்பு. அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் உள்ள மாவட்டம் இது. வெறும் வயிற்றில் புளோரைடு உடம்பில் சுலபமாக ஏறும். சாப்பாட்டோடு, அதிலும் பாலோடு சேர்ந்தால் குறையும். காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றுமே தவிர புளோரைடு போகாது. உடம்பைச் சுத்தம் செய்யும் என்று நம்பிக் குடிப்பவர் நாளின் பெரும்பங்கு புளோரைடை விடியற்காலையிலேயே விழுங்கிவிடுகிறார்.

2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்பதும் இருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறிய அந்தத் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் போய் நிற்கும் இடம் பழைய அடிபம்புதான்.

நூலாசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வகை நூலுக்கு ஓர் அச்சு முன்பே வார்க்கப்பட்டுவிட்டது. யோகாச்சாரியர் சுந்தரத்தின் ‘சுந்தர யோக சிகிச்சை’ ஒரு தலைமுறைத் தமிழருக்கு ஆசனங்களை வைத்தியமாக அறிமுகம் செய்தது. 1966இல் வந்த பி.கே.எஸ். ஐயங்காரின் புகழ்பெற்ற ஆங்கில நூல், நோய்வாரியாக ஆசனப் பட்டியலைப் பின்னிணைப்பாகத் தந்தது. ஐயங்கார் பல்லாண்டு உழைப்பில், ஆசிரியரின் கண்காணிப்பு உண்டு என்ற நம்பிக்கையில் தந்த பட்டியல் அது. பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் கண்காணிப்பை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டன. சர்க்கரைக்கு இது, முதுகுக்கு அது, மூட்டுக்கு இன்னொன்று. காரணம் தேடாத வைத்தியம் இது.

ஆன்மிகப் பகுதிகளிலும் இதே குறைதான். நோய் மனத்தில் பிறக்கிறது, எண்ணத்தைத் திருத்தினால் உடம்பு திருந்தும் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று மறைந்த விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவா காவி உடுத்தியவர், வேதாந்தம் எழுதியவர். அவருக்குத் தொழுநோயைத் தந்தது வெள்ளையர் சிறை. சிந்தனைக் கோளாறு என்று அதற்குக் காரணம் சொல்ல யாருக்கு மனம் வரும்? தண்ணீரால் காரைப் பல்லோடு வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்த விளக்கம் அநியாயம். நோயோடு வாழும் மன உறுதியை ஆன்மிகம் தரும் என்று மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். சிவாவே அதற்குச் சான்று.

இதனால் யோகா வேண்டாம் என்பதல்ல. நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்பே முயல வேண்டியவற்றில் யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் சேர்த்தது. கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் படுத்தபடியே செய்யும் பகுதிகள் உண்டு. கேழ்வரகுக் கொல்லையில் களை பறித்துவிட்டும், பாலக்கோட்டில் தக்காளிக் கூடை சுமந்துவிட்டும் வரும் பெண்ணுக்கு இன்னொரு முறை குனியச் சொல்வதைவிட அது உதவும். அவருக்கு வேண்டியது நிமிர்வதும் படுப்பதும் மூச்சை நிதானமாக விடுவதும்தான்.

தருமபுரிக்கென்று ஒரு யோகா நூல் எழுதினால் அதன் உணவு அத்தியாயத்துக்கு வெளியூர்ச் சரக்கே வேண்டியதில்லை. கால்சியத்துக்குக் கேழ்வரகுக் களி, வைட்டமின் சிக்கு நெல்லிக்காய். இந்த மாவட்டத்தின் புளியும் அதில் இடம்பெறலாம். புளி சேர்த்துச் சாப்பிட்ட சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் சிறிய அளவிலான ஓர் ஆய்வில் கண்டார்கள். அதை மருந்து என்று சொல்ல முடியாது, குழம்பில் குறைக்கத் தேவையில்லை என்று சொல்லலாம். யோகப் பிரியர்கள் கொண்டாடும் கருப்பு உப்பையும் கடுந்தேநீரையும் இங்கே குறைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், இரண்டிலும் புளோரைடு உண்டு.

எழுத ஆள் இருக்கிறார்கள். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யோகாவும் இயற்கை மருத்துவமும் பட்டப்படிப்பாகப் படித்தவர்கள் சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகின்றன உள்ளாட்சி அமைப்புகள், ஆகவே பதிப்புச் செலவுக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. முப்பது பக்கம் போதும். முதல் பக்கத்தில் அந்த மூன்று சோதனைகள், முடியாவிட்டால் ஆசனம் செய்யாமல் மருத்துவரைப் பாருங்கள் என்ற ஒரு வரி. உள்ளட்டையில் ஊராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை ஒட்ட ஒரு கட்டம்: எந்தத் தொட்டி, எந்த அடிபம்பு, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், சோதித்த தேதி. கட்டம் காலியாக இருந்தால் கிராம சபையில் எழுந்து கேட்க ஊர்க்காரர்களுக்கு ஒரு கேள்வி கிடைக்கும்.