தாய்க்கு ஓய்வு எந்த ஜென்மத்தில்?

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் ஸ்திரீகளைப் பார்க்காதவர் நம் பள்ளத்தாக்கில் இருக்க முடியாது. அந்த ஜீப்பில் ஏற முடியாமல் வீட்டில் நின்றுவிட்டவளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மூளை முடக்குவாதத்தால் கழுத்து நிற்காத பிள்ளை. பத்து வயதானாலும் ஊட்டவேண்டும், கழுவவேண்டும், இரவில் நாலு தரம் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். அவளுக்குக் கூலியுமில்லை, தூக்கமுமில்லை, தன் காய்ச்சலுக்குப் படுக்க ஒருநாள் ஒழிவுமில்லை. பெற்றவனோ டீக்கடையில் இருப்பான்.

இவளுக்கு நம் ஜனங்கள் செய்யும் உதவியெல்லாம் “போன ஜென்மத்து வினை” என்கிற ஒரு வார்த்தைதான். பிரசவத்தில் மூச்சுத் திணறினாலும், குறைமாதத்தில் பிறந்தாலும், பிறந்தவுடன் வந்த கடும் மஞ்சள் காமாலையைக் கவனியாமல் விட்டாலும் மூளை கெடும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். இதில் ஜென்மம் எங்கே வந்தது? வீரபாண்டியில் பாண்டிய ராஜாவுக்கு அம்மன் கண் கொடுத்தாள் என்று கதை சொல்லுகிறார்கள். அதை நம்பிச் சித்திரைத் திருவிழாவில் பிள்ளையைத் தோளில் சுமந்து போகிறவளிடம், “இந்த மத்தியானம் மட்டும் நான் பார்த்துக் கொள்ளுகிறேன், நீ தூங்கு” என்று சொன்ன பூசாரி உண்டா?

நிற்க. சர்க்கார் செய்ததையும் பார்ப்போம். 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2015இல் பல திட்டங்கள் வந்தன. “சமர்த்” என்பது பிள்ளையைக் கொஞ்சநாள் விடுதியில் வைத்துக் குடும்பத்துக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது. “கரௌந்தா” என்பது ஆயுள் முழுவதும் தங்கவைப்பது. பிற்பாடு இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். ஆயுளுக்கும் தங்க வந்தவர் கட்டிலை நிரப்பிவிட்டால், பத்துநாள் ஓய்வு கேட்டு வருகிறவளுக்கு எந்தக் கட்டில் மிஞ்சும்? திட்டத்தை ஒழித்தோமென்று சொல்லாமலே ஒழிக்கும் வழி இதுதான்.

நம் மாகாண சர்க்கார் பராமரிப்புத் தொகையை 2023 ஜனவரி முதல் 1500 ரூபாயிலிருந்து 2000 ஆக்கிற்று. நல்லதுதான், மறுக்கவில்லை. நாளொன்றுக்கு 66 ரூபாய் சொச்சம். தோட்டக் கூலியில் இது எத்தனையில் ஒரு பங்கென்று ஜீப்பில் ஏறுகிறவர்களே கணக்குப் போடட்டும். பணம் பிள்ளையைத் தூக்குமா? வேண்டியது இன்னொரு ஜோடிக் கை.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஓய்வு கொடுப்பது 2011 முதல் உள்ளூர் நிர்வாகத்தின் கடமை. அங்கேயும் ஹார்ட்போர்டுஷயரில் நாஸ்காட் லான் என்ற விடுதிக்குப் பணத்தை நிறுத்த 2017இல் துணிந்தார்கள். பெற்றோர் வழக்காடினார்கள், கவுண்டி நிர்வாகத்தை முறைப்படி கலந்து கொள்ளாமல் செய்த முடிவு தவறென்று 2018 பிப்ரவரியில் அய்க்கோர்ட்டு சொல்லிற்று. பிச்சையாயிருந்தால் எந்தக் கோர்ட்டு கேட்கும்? அது கடமையென்று எழுதியிருந்ததால் கேட்டது. நமது 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் பராமரிப்பவருக்குப் படி கொடுப்பது பற்றி 24ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

தேனி, போடி, உத்தமபாளையம் மூன்று ஊரிலும் ஆளுக்கொரு வீடு, பத்துக் கட்டில், பயின்ற தாதிகள். மாதம் நாலுநாள் பிள்ளையை விட்டுப்போக உரிமை. இதற்கு மேல் கேட்கவில்லை. வருகிற கிராமசபையில் ஆண்பிள்ளைகளே எழுந்து கேளுங்கள். அவள் வந்து கேட்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு அவள் வருவாள்?