தேவ்லி முகாமுக்குத் தர வேண்டிய மன்னிப்பு

1962 நவம்பர் 8. சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் புகுந்து மூன்று வாரம்கூட முடியவில்லை. அந்த நேரத்தில் இந்திய நாடாளுமன்றம் கூடியது. கூட்டத்தொடரை உடனே கூட்ட வேண்டும் என்று பிரதமர் நேருவிடம் வற்புறுத்தியவர்களில் ஒருவர் வாஜ்பாய். ஜனசங்கத்தைச் சேர்ந்த அவருக்கு அப்போது 37 வயது. நேரு மறுக்கவில்லை. விவாதத்தை ரகசிய அமர்வாக நடத்தலாம் என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. மக்களவையில் மட்டும் 165 பேர் பேசினார்கள். பனிமலைக்கு அனுப்பப்பட்ட வீரர்களின் கால்களில் ஏன் கான்வாஸ் காலணி? குளிர்தாங்கும் உடை ஏன் போய்ச் சேரவில்லை? சீனாவை இவ்வளவு நம்பியது யார்? நேருவின் சொந்தக் கட்சிக்காரர்களே கேட்டார்கள். அவை கூடுவதற்கு முந்தைய நாளே, போர் தொடங்கியபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் அமைச்சரவையை விட்டு வெளியேற நேர்ந்தது. பாதுகாப்புத் துறை அதற்குமுன்பே அவர் கையைவிட்டுப் போயிருந்தது.

எல்லையில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத நாள்களில் நடந்தவை இவை. கேள்வி கேட்டவர்கள் எவரும் எதிரிக்குத் துணை போனவர்கள் ஆகிவிடவில்லை. பெண்கள் தங்கள் நகைகளைப் பாதுகாப்பு நிதிக்குக் கழற்றிக் கொடுத்ததும் அதே நாள்களில்தான். கொடுப்பதும் கேட்பதும் ஒரே பற்றிலிருந்து பிறந்தன. அந்த நவம்பரில் இந்தியா காட்டிய நாட்டுப்பற்று இது. அதை இன்றும் பெருமையோடு சொல்லலாம்.

ஆனால், அதே நவம்பரில் அசாமிலும் வடக்கு வங்கத்திலும் போலீசார் வேறு சில வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சீன வம்சாவளியினரின் வீடுகள் அவை. தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தச்சர்கள், கடைக்காரர்கள். பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். அசாமியப் பெண்களை மணந்தவர்களும் உண்டு. கையில் எடுத்துக்கொள்ள முடிந்ததை எடுத்துக்கொண்டு புறப்படச் சொன்னார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் என்று எல்லோரையும் ரயிலேற்றி, நாட்டின் மறுகோடியில், ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர். குற்றப்பத்திரிகை இல்லை, வழக்கு இல்லை, விசாரணை இல்லை. சிலர் வெளியே வர 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் இல்லை, ஏலத்தில் போயிருந்தன.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1963-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீன வம்சாவளியினர் சீனாவுக்குச் செல்லும் சீனக் கப்பல்களில் ஏற்றப்பட்டது நம் சென்னைத் துறைமுகத்தில்தான். அவர்களில் பலர் அதுவரை சீனாவைப் பார்த்ததே இல்லை.

போர்க்காலத்தில் நாட்டுப்பற்றையும் தேசியவாதத்தையும் பிரித்தறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நாட்டுப்பற்று, ஆட்சியில் இருப்பவர்களிடம் கணக்குக் கேட்டது. தேசியவாதம், பக்கத்து வீட்டாரின் முகத்தையும் பெயரையும் பார்த்து எதிரி என்று முடிவு கட்டியது. இரண்டுக்கும் ஒரே அரசு, ஒரே நேரத்தில் இடம் கொடுத்தது என்பதுதான் நம்மை உறுத்த வேண்டும். ஜனநாயக உணர்வுள்ள தலைமை இருந்துவிட்டால் போதும், இப்படி நடக்காது என்று எவரும் நிம்மதியாக இருக்க முடியாது.

எல்லையோரத்தில் உளவாளிகள் இருக்கலாம் அல்லவா, எந்த அரசும் எச்சரிக்கையாகத்தானே இருக்கும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐயத்துக்குரிய ஒருவரைக் கண்காணிக்கவும் கைது செய்யவும் அரசுக்குச் சட்டம் இருந்தது. ஒருவர் செய்த செயலைச் சான்றாகக் கொள்வது காவல் பணி. அவருடைய பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைச் சான்றாகக் கொள்வது அநீதி. அதனால் போர்முனைக்குக் கிடைத்த பயன்தான் என்ன? வடகிழக்கு எல்லையில் சே லாவும் பொம்டிலாவும் வீழ்ந்ததற்கான காரணங்கள் டெல்லியிலும் படைத் தலைமையிலும் இருந்தன. தண்டனையோ அசாமின் மாகும் ஊர்க் கடைக்காரருக்குப் போனது. தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-இல் அரசின் கைக்கு வந்தது. அதை இன்றுவரை எந்தக் கட்சியின் அரசும் வெளியிடவில்லை.

அன்றைய தேசியவாதத்தின் அளவுகோலை வைத்திருந்தால் அண்ணாவும் தேறியிருக்க மாட்டார். 1962 மே மாதம்தான் மாநிலங்களவையில் திராவிட நாட்டுக்காக அவர் வாதாடியிருந்தார். போர் மூண்டதும் தி.மு.க. அந்தக் கோரிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, போர் முயற்சிக்குத் துணை நின்றது. எவரும் கட்டாயப்படுத்தி வந்த முடிவல்ல அது. பிறகு, பிரிவினைப் பேச்சைத் தடுக்கும் 16-ஆவது சட்டத் திருத்தம் வந்தபோது, அதை எதிர்த்தும் அவர் அவையில் பேசினார். நாட்டோடு நிற்பதும் அரசோடு முரண்படுவதும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதற்குத் தமிழகத்தின் சொந்தச் சான்று இது.

இவை பழங்கதையாகிவிடவில்லை. 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே கணவரைப் பறிகொடுத்த ஓர் இளம்பெண், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தத் துயரத்தின் நடுவே அவர்மீது வசைமாரி பொழிந்தார்கள். அதைத் தொடர்ந்து மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த மோதலின்போது, கராச்சித் துறைமுகம் தகர்க்கப்பட்டதாகத் தொலைக்காட்சிகள் பொய்ச்செய்தி பரப்பின. சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் குடும்பத்தையும்கூட இணையத்தில் விட்டுவைக்கவில்லை. இதையெல்லாம் செய்தவர்கள் தங்களை நாட்டுப்பற்றாளர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். படைவீரருக்கு நல்ல கருவி கிடைத்ததா, பஹல்காமில் பாதுகாப்பு எங்கே தவறியது என்று கேட்டவர்கள்தான் துரோகிகள் ஆக்கப்பட்டார்கள். 1962-இன் நாடாளுமன்றத்தை மறந்துவிட்டு, 1962-இன் தேவ்லியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோமோ என்று கவலையாக இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்த அமெரிக்கா, 1988-இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு தந்தது. கனடாவும் அதே ஆண்டில் தன் ஜப்பானிய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டது. இதனால் இரண்டு நாடுகளின் படையும் பெருமையும் குன்றிவிடவில்லை. தேவ்லியில் அடைக்கப்பட்டவர்களுக்கு இந்திய அரசு இதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அங்கே குழந்தைகளாக இருந்தவர்கள்கூட இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். பலர் கனடாவில் குடியேறிவிட்டார்கள்.

நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பறிபோன சொத்துகளுக்கு இழப்பீடு தர வேண்டும். ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை முழுமையாக வெளியிட வேண்டும். எந்தப் போரிலும் பிறப்பை மட்டும் காரணம் காட்டி எவரையும் சிறைவைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். தீர்மானத்தை ஆளுங்கட்சி கொண்டுவந்தால் எதிர்க்கட்சிகளும், எதிர்க்கட்சி கொண்டுவந்தால் ஆளுங்கட்சியும் ஆதரிக்கட்டும். சென்னைத் துறைமுகத்தின் வழியே அந்த மக்களை அனுப்பிவைத்த மாநிலம் என்பதால், தமிழக உறுப்பினர்களே இதை முதலில் எழுப்பலாம்.