சாட்சிக் கையெழுத்து சம்மதம் ஆகாது

பூர்வீகச் சொத்தை விற்கும் கிரையப் பத்திரம். மகன்கள் எல்லோரும் எழுதிக்கொடுப்பவர்களாக இருப்பார்கள். மணமாகிப் போன மகள் மட்டும் கடைசிப் பக்கத்தில் முதல் சாட்சி. வாங்குபவர் தயங்கினால், "தங்கச்சியும் கையெழுத்துப் போட்டிருக்கு சார், நாளைக்கு ஒண்ணும் பேச முடியாது" என்று தைரியம் சொல்லப்படும். சொல்பவர் நம் தொழிலில் இருப்பவராகவே இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பேச முடியும். எழுதிக்கொடுத்தவர் கையெழுத்திட்டார் என்பதற்குத்தான் சாட்சி சாட்சி. பத்திரத்தின் உள்ளடக்கம் அவருக்குத் தெரியும் என்பதையோ, அதற்கு இசைந்தார் என்பதையோ அந்தக் கையெழுத்து தானாக நிரூபிக்காது. பிரிவி கவுன்சில் காலத்திலேயே தீர்ந்துபோன விஷயம் இது. விவரம் அறிந்துதான் போட்டார் என்று வேறு சான்றுகளால் காட்டலாம். ஆனால் அந்தச் சுமை வாங்கியவர் தலையில். காட்டினாலும் மகளின் பாகம் பத்திரப்படி கைமாறவில்லை. சம்மதித்துவிட்டு இப்போது மறுக்கக் கூடாது என்ற வாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தொங்க வேண்டும்.

மகளுக்குப் பாகம் உண்டா என்ற கேள்விக்கே இப்போது இடம் குறைவு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளி. அதற்கு முன் மணமானவர்களுக்கு மட்டும் அந்த உரிமை இல்லாதிருந்தது. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முந்தைய விற்பனைகளுக்கும் பாகப்பிரிவினைகளுக்கும்தான் பாதுகாப்பு. பெட்டிக்குள் இருந்து திடீரென்று வெளிவரும் பழைய கூர்ச்சீட்டை நீதிமன்றம் எளிதில் நம்பாது. தந்தையின் சுயசம்பாத்தியம் என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 முதலே மகள் மகனுக்குச் சமமான வாரிசு.

"குடும்ப அவசியத்துக்காக விற்பதாக எழுதிவிடலாமே" என்பார்கள். எழுதலாம். அந்த அவசியம் உண்மையில் இருந்தது என்றோ, விசாரித்து நம்பினேன் என்றோ நிரூபிக்க வேண்டியவரும் வாங்கியவர்தான்.

மைனர் விஷயம் இதைவிட ஆபத்தானது. கணவர் இறந்தபின் அவரது சுயசம்பாத்திய வீட்டைத் தாய் தனக்காகவும் மைனர் பிள்ளைக்குக் கார்டியனாகவும் விற்கிறார் என்று வையுங்கள். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு நீதிமன்றத்தின் முன்அனுமதி கேட்கிறது. அது இல்லாத விற்பனையைப் பிள்ளை மேஜரான பின் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்ய முடியும். ஐந்து வயதுப் பிள்ளை என்றால் பதினாறு ஆண்டுகள் அந்த மனைமேல் கேள்விக்குறி நிற்கும். இடையில் அங்கே அடுக்குமாடி எழுந்து, நாலு கை மாறியிருக்கும். தாய் எழுதித்தரும் நஷ்டஈட்டு வாசகம் இந்தக் குறையைப் போக்காது.

ஓர் அறையை உள்வாடகைக்கு விடுவதற்கே 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் உரிமையாளரின் எழுத்துமூல முன்சம்மதம் கேட்கிறது. வீட்டையே விற்கும்போது நாம் ஒரு சாட்சிக் கையெழுத்தோடு திருப்தியடைகிறோம்!

பத்திர எழுத்தர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரிசுச் சான்றில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொடுப்பவர் வரிசையில் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் முதலில் பதிவான விடுதலைப் பத்திரம் கேளுங்கள். மகளின் பங்குத் தொகை அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும். பத்திரத்தை அவருக்கு வாசித்துக் காட்டும்போது அண்ணன் தம்பிகளைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவரைச் சாட்சியாக்கி வேலையை முடிக்காதீர்கள்.