கேம் டிசைன் முதுநிலைப் படிப்பு: பட்டம் கிடைக்கும், படைப்பாளி உருவாவாரா?

மும்பை: இந்தியாவில் வீடியோ கேம் உருவாக்கத்தை முதுநிலை அளவில் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு 2025ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அந்த ஆண்டு ஜூலையில், ஐஐசிடி எனப்படும் இந்தியப் படைப்பாக்கத் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் வளாகம் மும்பையில் திறக்கப்பட்டது. அடுத்த ஐந்து வாரங்களுக்குள், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கல்விக்கான கதவு ஒன்று திறந்தபோது, வேலைவாய்ப்பின் கதவு ஒன்று மூடியது. இந்நிலையில், இரண்டு ஆண்டுகளையும் பல லட்சம் ரூபாயையும் செலவிட்டுப் பெறும் பட்டம் எதற்குப் பயன்படும் என்பதே மாணவர்கள் முன் உள்ள கேள்வி.

அரசின் எதிர்பார்ப்பு: 2022-23 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன், காட்சி விளைவுகள், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கான பணிக்குழு அறிவிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் 20 லட்சம் வேலைவாய்ப்புகளை இத்துறைகளால் உருவாக்க முடியும் என்று அக்குழு மதிப்பிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரத்துடன் இளநிலை, முதுநிலைப் பட்டப் படிப்புகளைத் தொடங்கவும் பரிந்துரைத்தது. இதன் தொடர்ச்சியாக, மும்பையில் தேசிய உயர் சிறப்பு மையம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 18 அன்று ஒப்புதல் அளித்தது. அதுவே இன்றைய ஐஐசிடி. மாநிலங்களில் கர்நாடகா 2012ஆம் ஆண்டிலேயே இத்துறைக்கெனத் தனிக் கொள்கை வகுத்திருந்தது.

வகுப்பறையில் என்ன நடக்கிறது: கேம் டிசைன் என்றால் ஓவியம் வரைவது என்றோ நிரல் எழுதுவது என்றோ பலர் எண்ணுகின்றனர். ஆட்டத்தின் விதிகளை வகுப்பது, ஆட்டக்காரர் எங்கே தடுமாற வேண்டும், எப்போது வெற்றியை உணர வேண்டும் என்று தீர்மானிப்பது ஆகியவையே வடிவமைப்பாளரின் பணி. இதற்காகச் சிறு மாதிரி ஒன்றை உருவாக்கி, பிறரை ஆட வைத்து, அவர்கள் தவறும் இடங்களைக் குறித்துக்கொண்டு, மீண்டும் திருத்த வேண்டும். இந்தச் சுழற்சியைப் பலமுறை கடக்க வைப்பதே நல்ல முதுநிலைப் படிப்பின் அடையாளம்.

நாட்டில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனது பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் பிரிவில் எம்.டிஸ் பட்டம் வழங்குகிறது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உள்ள பொழுதுபோக்குத் தொழில்நுட்ப மையத்தில், ஓவியர்களும் நிரலாளர்களும் ஒரே குழுவாக இணைந்து ஒவ்வொரு பருவத்திலும் ஒரு திட்டத்தை முடிக்கும் முறை பின்பற்றப்படுகிறது. கேம் டிசைன் என்ற பெயரில் மென்பொருள் பயிற்சியை மட்டும் அளிக்கும் படிப்புகளுக்கும் இத்தகைய படிப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு இதுதான். மென்பொருள்கள் சில ஆண்டுகளில் மாறிவிடும். சோதித்துத் திருத்தும் பழக்கம் மாறுவதில்லை.

பணிச் சந்தையின் நிலை: இந்தியாவின் கேம் துறை பெருமளவில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான சேவைப் பணியில் வளர்ந்தது. பெங்களூருவில் 1997இல் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ், பல வெளிநாட்டு கேம்களுக்கான ஓவியப் பணிகளைச் செய்து பெயர் பெற்றது. 2019இல் அதனை ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. இத்தகைய பணிகள் ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வளித்தன. ஆனால் அவற்றில் ஆட்டத்தின் வடிவமைப்பு பெரும்பாலும் வேறு நாட்டில் தீர்மானிக்கப்பட்டு, அதைச் செய்து முடிக்கும் வேலை மட்டுமே இங்கு வருகிறது. வெளிநாட்டில் ஏற்படும் சரிவும் இங்கே நேரடியாக எதிரொலிக்கிறது. காட்சி விளைவுகள் துறையில் பிரான்ஸைச் சேர்ந்த டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் முடங்கியபோது, அதன் இந்தியப் பணியாளர்களும் வேலை இழந்தனர்.

மற்றொரு பெரிய வேலை வழங்குநராக இருந்தவை பணம் கட்டி ஆடும் தளங்கள். 2023 அக்டோபரில் 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 ஆகஸ்டில் தடை என அடுத்தடுத்து வந்த நடவடிக்கைகளால் அந்த வாய்ப்புகள் சுருங்கின. ட்ரீம்11, எம்பிஎல் போன்ற தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. எனினும், அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிப்பதோடு, பணம் சாராத சமூக, கல்வி விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் வழி செய்கிறது. சூதாட்டத்தையும் கேம் உருவாக்கத்தையும் ஒன்றாகப் பார்த்துத் தயங்கிய பெற்றோருக்கு இந்தப் பிரிவு தெளிவு தரக்கூடும்.

சொந்தப் படைப்புகள் காட்டும் வழி: புனேவைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி', இந்தியப் புராணப் பின்னணியில் உருவாகி உலகின் கவனத்தைப் பெற்றது. அதற்கு முன்பு 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட அக்குழு எடுத்த முயற்சி இலக்கை எட்டவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். திறமை இருந்தும் முதலீடு இல்லாத நிலையை அது உணர்த்தியது.

கனடாவின் டொரண்டோவில் உருவான 'வெண்பா' 2023இல் வெளியானது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. சேதமடைந்த சமையல் குறிப்பேட்டில் விடுபட்ட படிகளை ஆட்டக்காரரே ஊகித்து, இட்லி முதலிய உணவுகளைச் சமைக்க வேண்டும். தாயின் கைப்பக்குவத்தை மீட்பதையே ஆட்டமாக மாற்றிய அந்தச் சிந்தனைதான் வடிவமைப்பு. 2024ஆம் ஆண்டு பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதை அது வென்றது. நம் வீட்டு அடுக்களைக் கதை விருது பெற்றது கனடாவின் படைப்பாக என்பது, இந்தியக் கல்வி நிறுவனங்கள் சிந்திக்க வேண்டிய செய்தி.

மாணவர்கள் கேட்க வேண்டியவை: சேர்க்கைக்கு முன், முந்தைய மாணவர்கள் முழுமையாக முடித்து வெளியிட்ட கேம்கள் எத்தனை, ஆசிரியர்களில் கேம் உருவாக்கிய அனுபவம் உள்ளவர்கள் யார், இறுதித் திட்டத்தில் உருவாகும் கேமின் உரிமை மாணவருக்கா நிறுவனத்துக்கா ஆகிய மூன்று கேள்விகளையாவது கேட்டறிவது அவசியம். வேலைக்கான நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட, ஆடிப் பார்க்கக்கூடிய ஒரு சிறு கேம் அதிகம் பேசும்.

அரசின் பொறுப்பும் வளாகங்களைத் திறப்பதோடு முடிவதில்லை. படிப்பை முடித்த மாணவர் குழு தனது முதல் கேமை முடிக்கும் வரை தாக்குப்பிடிக்கச் சிறு நிதியுதவியும் வழிகாட்டுதலும் தேவை. அது இல்லையெனில், புதிய பட்டங்கள் பிறர் வடிவமைத்த கேம்களுக்கு உழைக்கும் திறமையான கரங்களை உருவாக்கும். சொந்தமாகக் கேம் படைப்பவர்களை உருவாக்காது.