நான்கு படைப்புகளில் தொடங்கிய கலைக்கூடம்



கோலாலம்பூருக்குக் கல்விச் சுற்றுலா என்றால் நம் பள்ளிகளின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். இரட்டைக் கோபுரம், பத்துமலை, தேசிய மிருகக்காட்சிசாலை, இறுதியில் ஒரு பேரங்காடி. துன் ரசாக் சாலையில் இஸ்தானா பூடாயாவை அடுத்து நிற்கும் தேசிய கலைக்கூடம் அப்பட்டியலில் இடம்பெறுவது அரிது. தங்காக்கிலிருந்து அவ்வளவு தொலைவு சென்றும் அதனைக் காணாமல் திரும்புவது மாணவர்களுக்குப் பேரிழப்பாகும்.

அக்கலைக்கூடம் மூன்று வீடுகள் மாறியது. மூன்றும் நாட்டின் வரலாற்றைச் சொல்பவை. முதலாவது, அம்பாங் சாலையில் இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபம். 1935இல் இயூ தோங் சென் என்ற சீனச் செல்வந்தருக்காகக் கட்டப்பட்ட மாளிகை அது. 1957இல் நாட்டின் முதல் மாமன்னர் அரியணை ஏறியதும் அங்கேதான். மறு ஆண்டு, 27.8.1958 அன்று, பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே கலைக்கூடத்தைத் திறந்து வைத்தார். அப்போது கையிருப்பு, நன்கொடையாகக் கிடைத்த நான்கு படைப்புகள் மட்டுமே!

1984இல் அது இரயில் நிலையத்திற்கு எதிரேயுள்ள மெஜஸ்திக் தங்கும் விடுதிக்கு மாறியது. 1932இல் எழுந்த அவ்விடுதி, ஆங்கிலேயர் காலத்தின் அடையாளம். 1998இல்தான் கலைக்கூடம் இன்றைய கட்டடத்திற்கு வந்தது. அதன் கூரை மரபு மலாய் வீட்டை நினைவூட்டுகிறது. உள்ளே வளைந்து ஏறும் சரிவுப் பாதையில் நடந்தபடியே மாடிகளை அடையலாம். செல்வந்தரின் மாளிகை, காலனித்துவ விடுதி, நமக்கென நாமே கட்டிய கூடம்! வரலாற்றுப் பாடத்திற்கு இதனைவிடச் சிறந்த துணைக்கருவி வேறு உண்டா?

நம்மவர் பங்கும் சிறிதன்று. தமிழ்நாட்டு அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சென்னை அரசு கலைக்கல்லூரியில் பயின்ற சையட் தாஜுடின், மலேசிய ஓவியர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். 1965இல் நம் ஜொகூர் பாருவில் பிறந்த அனுரேந்திர ஜெகதேவா, இந்நாட்டு இந்தியர் வாழ்வைத் தூரிகையால் பதிவு செய்து வருகிறார். நம் மாணவருள் எத்தனை பேர் இப்பெயர்களைக் கேட்டிருப்பர்?

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. 'தேர்வில் வராத பாடம்' என்று ஓவியப் பாடத்தை ஒதுக்குவதற்கு இருந்த காரணமும் அத்துடன் நீங்கியது. பழக்கம் மட்டும் நீங்கவில்லை. ஓவிய நேரத்தில் கணிதம் நடத்துவதைப் பெற்றோரும் வரவேற்கின்றனர். பிள்ளைகளின் படங்களோ ஆண்டிறுதியில் குப்பைத்தொட்டியைச் சேர்கின்றன. தான் வரைந்ததைப் பிறர் நின்று பார்த்ததே இல்லை என்னும் பிள்ளை, பிறர் வரைந்ததை நின்று பார்க்க எங்ஙனம் கற்கும்?

பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. பள்ளி நடைகூடத்தில் ஒரு சுவர் போதும். துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற தங்காக்கில் வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கொண்டு மாணவர்கள் ஒட்டுப்படம் செய்யட்டும். வகுப்புக்கு ஒன்றாகத் தேர்ந்து, பெயரும் ஆண்டும் எழுதி மாட்டுவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் சிலவற்றைச் சட்டமிட்டுப் பாதுகாக்கலாம். அடுத்த சுற்றுலாவில் பேரங்காடிக்குரிய நேரத்தைக் கலைக்கூடத்திற்குத் தருவோம்.

நாட்டின் கலைக்கூடமே இரவல் இடத்தில், நான்கு படைப்புகளுடன்தான் தொடங்கியது. நம் பள்ளியும் அவ்வாறு தொடங்கலாமே!