தலைச்சுமை வியாபாரியும் நம் சங்கமும்

கூட்டுறவு என்றால் இடைத்தரகரை ஒழிப்பது என்று நம் அங்கத்தினர்களில் பலர் பொருள் கொண்டிருக்கின்றனர். அது தவறன்று. ஆயினும், மண்டியில் அமர்ந்து கமிஷன் பிடிப்பவரையும், கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாய்க் கூவிச் செல்லும் கீரைக்காரியையும் ஒரே இனத்தில் சேர்ப்பது நியாயமாகுமா? சிறுவணிகரைப் பற்றிய பேச்சு பொதுச்சபையில் எழும்போதெல்லாம், "வியாபாரிக்குச் சங்கத்தில் என்ன வேலை?" என்று ஒரு குரல் கிளம்பக் கேட்டிருக்கிறோம். அதற்கு விடை சொல்லுமுன், நம் இளமைக்காலத்துத் தெரு ஒன்றை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நாம் வளர்ந்தது கொங்குநாட்டின் நெசவாளர் தெரு ஒன்றில். பொழுது புலருமுன்பே தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அவ்வேலை முடிந்தாக வேண்டும். அதுவரை தெருவுக்குள் வண்டி நுழையாது. உப்பு வண்டிக்காரர் முனையிலேயே மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். தயிர்க்கார ஆத்தா மட்டும் பாவுக்கும் திண்ணைக்கும் நடுவே, முந்தானை நூலில் படாமல் ஒதுக்கிக்கொண்டு, தலையில் பானையோடு நடந்து வருவார். எந்த வீட்டில் தறி ஓடுகிறது, எந்த வீட்டில் நூல் கிடைக்காமல் நின்றிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தறி நின்ற வீட்டில் காசு என்ற பேச்சே எடுக்கமாட்டார். தயிரை ஊற்றிவிட்டுச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். அந்தக் கணக்கு இரு தரப்பாரும் நாள்தோறும் பார்க்கும் இடத்தில் இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்குமுன் புள்ளிகளுக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது எழுதாத விதி.

பிற்பகலில் வேறு கூட்டம். ஈயம் பூசுகிறவர் துருத்தியை ஊதத் தொடங்கினால் நவச்சாரத்தின் நெடி தெருக்கோடிவரை வீசும். பிள்ளைகள் அனைவரும் அங்கேதான். வளையல்காரர் திண்ணையில் பொட்டலத்தை விரித்தால் பெண்கள் ராட்டையை நிறுத்திவிட்டு வருவார்கள். மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மையோடு வரும் சவ்வுமிட்டாய்க்காரர், காசில்லாத பிள்ளையின் கையிலும் ஒரு சிறு மோதிரமாவது சுற்றிவிட்டே போவார். காய்க்காரரின் கொசுறு, கறிவேப்பிலையும் ஒரு பச்சை மிளகாயும். அதைக் கேட்டு வாங்குவதும் ஓர் உரிமை போலவே இருந்தது.

அந்நாட்களெல்லாம் பொற்காலம் என்று நாம் சொல்லவரவில்லை. அடிப்பக்கம் தட்டையான படியில் உப்பளந்தவரும் இருந்தார். நேற்றைய கீரையைத் தண்ணீர் தெளித்து இன்றைய கீரையாக விற்றவரும் இருந்தார். அவற்றையெல்லாம் விடப் பெரியதொரு கேட்டை நாம் வயது வந்த பின்பே விளங்கிக்கொண்டோம். நம் வீட்டாருக்குக் கடன் சொல்லிவிட்டுப் போன அந்த மனிதர்கள், தங்கள் சரக்குக்குரிய முதலை எங்கே வாங்கினார்கள்? விடியற்காலையில் 100 ரூபாய்க் கடன் என்று பேசி 90 ரூபாயைக் கையில் வாங்கி, மாலையில் 100 ஆகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பகலுக்கு நூற்றுக்குப் பதினொரு ரூபாய்க்கும் மேற்பட்ட வட்டி! எந்த ஆலை முதலாளி இந்த வட்டி கொடுத்துத் தொழில் நடத்துவார்? தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் வந்தது. சட்டம் வந்தது, ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு மார்க்கெட் வாசலில் முதல் கொடுப்பவர் வேறொருவர் வரவில்லை.

நெசவாளருக்கும் குடியானவருக்கும் இதே நிலைதான் ஒரு காலத்தில் இருந்தது. நூல் கொடுத்த முதலாளிக்குக் கூலிக்கு நெய்தோம். விதைக்கு வாங்கிய கடனுக்கு விளைச்சலைக் களத்திலேயே அளந்து கொடுத்தோம். 1904-இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் வந்ததும், அவ்வாண்டிலேயே காஞ்சிபுரத்தில் நகரச் சங்கம் தோன்றியதும், 1935-இல் கைத்தறி நெசவாளருக்கெனக் கோ-ஆப்டெக்ஸ் எழுந்ததும் நாம் அறிந்த வரலாறு. நமக்குக் காட்டத் தறி இருந்தது, நிலம் இருந்தது. தெரு வியாபாரிக்கு அடமானம் வைக்க ஒரு கூடையும் ஒரு தராசுமே இருந்தன. அதனால் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்.

சர்க்கார் இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை தெரு வியாபாரியை அப்புறப்படுத்தலாகாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40-க்குக் குறையாமல் அவர்களுடைய பிரதிநிதிகளே இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. 2020-இல் மத்திய சர்க்கார் ஈடின்றி முதற்கடனாக 10,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி, 2025-இல் அதனை 15,000 ஆக்கியது. தவணை தவறாதவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. கடன் கொடுக்கும் நிறுவனங்களில் கூட்டுறவு வங்கிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. வாய்ப்பு நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது என்பது இதன் பொருள்.

இதில் நம் நன்மையும் அடங்கியிருக்கிறது. நம் சங்கத்துத் துண்டும் போர்வையும் தீபாவளித் தள்ளுபடிக்காலம் வரும்வரை அலமாரியில் அடைந்து கிடக்கின்றன. அதே வேளையில் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர் விற்பது என்ன? விசைத்தறி லுங்கி. கைத்தறி மீது அவருக்கு வெறுப்பில்லை. விசைத்தறி வியாபாரி சரக்கை முன்னே கொடுத்து வாரக்கடைசியில் பணம் வாங்குகிறார். நாம் ரொக்கம் கேட்கிறோம். குடியானவர் பக்கமும் இப்படித்தான். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நல்ல ஏற்பாடு. அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அரைக்காணிக் கத்தரிக்காரர் நாள்தோறும் சந்தையில் உட்கார்ந்துவிட்டால் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவது யார்? சந்தைக்கு வராத வயோதிகருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் அந்தக் காயை வாசலில் கொண்டு சேர்ப்பது யார்?

கடன் திரும்பாது என்பார்கள். சுவரில் வைத்த புள்ளியை நம்பி நமக்கே கடன் கொடுத்தவர்களைப் பற்றி நாம் இப்படிச் சொல்வது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நாம் வேண்டுவது பெரிய திட்டமன்று. நம் தெருக்களுக்கு வழக்கமாக வரும் சிறுவியாபாரிகளை, துணைவிதிகள் இடம் தரும் அளவில், இணை அங்கத்தினராகச் சேர்க்கலாம். நிர்வாகத் தேர்தலில் வாக்கின்றிச் சேர்த்தால், சங்கம் வியாபாரிகளின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சுவோரும் அமைதி அடைவர். நான்கைந்து பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் முறையில் சிறுதொகை கொடுக்கலாம். ஜவுளி விற்பவருக்கு ரொக்கத்துக்குப் பதில் சரக்கையே வாரக்கணக்கில் கொடுக்கலாம். அடுத்த பொதுச்சபைக்குள் நிர்வாகிகள் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்துவிட்டால் போதும். அதற்கு யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே யார் எந்தக் கிழமை வருகிறார், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்பதைச் சொல்லிவிடுவார்கள்.